பல்கலைக்கழகக் காவலர் சாய் யுவான்பெய்

நுழையும்முன்

வாக்குச்சாவடி, சட்டமன்றம், நீதிமன்றம் ஆகியவை மக்களாட்சியின் தூண்கள் என்பதை நாம் அறிவோம். அத்தூண்கள் ஆட்டங்காணும் காலத்திலும், அவை இன்னும் எழுப்பப்படாத காலத்திலும் மக்களாட்சி உணர்வு எங்கே வளர்கிறது? எதிரெதிர்க் கருத்துகள் அச்சமின்றி மோதிக்கொள்ளும் வகுப்பறையில் வளர்கிறது என்று நம்பினார் ஓர் ஆசிரியர். அந்த வகுப்பறையைப் படைத்தலைவர்களிடமிருந்தும், கட்சிகளிடமிருந்தும், சில வேளைகளில் மாணவர் கூட்டத்திடமிருந்தும் காத்து நின்றார். சீனத்தின் பீகிங் பல்கலைக்கழகத்தை உருமாற்றிய சாய் யுவான்பெய்யின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

சீனத்தின் கிழக்குக் கரையோரத்தில் அமைந்துள்ளது செஜியாங் மாநிலம். அங்குள்ள ஷாவ்சிங் என்னும் ஊரில் 1868ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் யுவான்பெய் பிறந்தார். தந்தையார் பணமாற்றுக் கடை ஒன்றின் மேலாளர். யுவான்பெய் சிறுவனாக இருந்தபோதே அவர் மறைந்தார். குடும்பச் சுமை முழுவதும் தாயின் தோளில் விழுந்தது. பிறரிடம் கையேந்தாமல் சிக்கனமாக வாழ்ந்து அவர் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்.

அந்நாளில் சீனத்தை மஞ்சூரிய மரபினரான சிங் பேரரசர்கள் ஆண்டுவந்தனர். அரசுப் பதவி பெற விரும்புவோர் பழஞ்செவ்வியல் நூல்களில் ஆழ்ந்த புலமை பெற்று, படிப்படியாகப் பல தேர்வுகளில் வெற்றிபெற வேண்டும். நரை தோன்றும்வரை தேர்வெழுதித் தோற்றவர்கள் ஏராளம். யுவான்பெய்யோ இருபத்தைந்து அகவை நிரம்புவதற்கு முன்பே அனைத்துப் படிகளையும் கடந்தார். 1892இல் தலைநகரின் ஹான்லின் கழகத்தில் இடம்பெற்றார். நாட்டின் தலைசிறந்த புலவர்கள் அமரும் அவை அது. அங்கு இடம்பெற்றவருக்கு உயர்பதவிகளின் கதவுகள் தாமே திறக்கும்.

பதவி துறந்து பள்ளிக்கு

1894இல் மூண்ட போரில் ஜப்பானிடம் சீனம் தோற்றது. சிறிய அண்டை நாட்டிடம் அடைந்த அத்தோல்வி கற்றறிந்தோரை உலுக்கியது. பழைய தேர்வுமுறையும் பழைய ஆட்சிமுறையும் இனி நாட்டைக் காக்கமாட்டா என்பதை இளைஞர்கள் உணரத் தொடங்கினர். 1898இல் இளம் பேரரசர் சீர்திருத்த ஆணைகள் பலவற்றைப் பிறப்பித்தார். ஏறத்தாழ நூறு நாள்களில் பேரரசி சிசி அதிகாரத்தைக் கைப்பற்றிப் பேரரசரை அரண்மனைக்குள் சிறைவைத்தார். சீர்திருத்தவாதிகள் ஆறு பேர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர்.

யுவான்பெய் அச்சீர்திருத்தக் குழுவில் நேரடியாகப் பங்கேற்றவர் அல்லர். எனினும் அதன் வீழ்ச்சிக்கான காரணத்தை ஆழ்ந்து எண்ணினார். புதிய எண்ணம் கொண்ட மனிதர்களை முதலில் உருவாக்காமல், ஒரு சிலர் மேலிருந்து ஆணையிட்டு நாட்டை மாற்ற முயன்றதே தோல்விக்குக் காரணம் என்னும் முடிவுக்கு வந்தார். ஹான்லின் கழகப் பதவியைத் துறந்து ஊர் திரும்பினார். உயர்ந்த பதவியிலிருந்தவர் உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் பொறுப்பேற்றதைக் கண்டு பலர் வியந்தனர். அவர் வாழ்வின் திசை அன்றே முடிவாகிவிட்டது.

சொல்லிலும் செயலிலும் அவர் ஒருவராகவே இருந்தார். முதல் மனைவி மறைந்தபின் மறுமணம் பேச வந்தவர்களிடம் ஐந்து நிபந்தனைகளை விதித்தார். மணமகள் பாதங்களை இறுகக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்திற்கு உட்படாதவராகவும் எழுத்தறிவு உடையவராகவும் இருத்தல் வேண்டும். கணவன் வேறு துணைவியரைக் கொள்ளக்கூடாது. கணவன் இறந்தால் மனைவி மறுமணம் செய்துகொள்ளலாம். மனம் ஒவ்வாதபோது இருவரும் பிரிந்து செல்லலாம். அக்காலச் சீனத்தில் இந்நிபந்தனைகள் பெரும் அதிர்ச்சியை விளைவித்தன. இவற்றை ஏற்கும் துணைவியைக் கண்டே அவர் மணம் புரிந்தார்.

மைப்புட்டி கற்பித்த பாடம்

1901இல் யுவான்பெய் ஷாங்காய் நகரின் நன்யாங் கல்லூரியில் ஆசிரியரானார். மறு ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கு ஒரு நிகழ்ச்சி நடந்தது. மாணவர்கள் புதிய கருத்துகளைப் படிப்பதை விரும்பாத ஆசிரியர் ஒருவரின் இருக்கையில் ஒரு மைப்புட்டி கிடந்தது. அதனைத் தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாக அவர் கருதினார். மாணவர் மீது வெளியேற்ற நடவடிக்கை பாய்ந்தது. அதனை எதிர்த்த வகுப்பு முழுவதும் தண்டிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறினர்.

யுவான்பெய் இரு தரப்பினரையும் இணக்கமாக்க முயன்றார். நிருவாகம் செவிசாய்க்கவில்லை. தம் வேலையைத் துறந்து மாணவர்களோடு அவரும் வெளியேறினார். நண்பர்களின் துணையோடு அவர்களுக்காகவே தேசப்பற்றுக் கல்விக்கழகம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கும் தனியே ஒரு பள்ளி தோன்றியது. தண்டிக்கப்படும் மாணவர்களைக் கைவிடாமை என்னும் பண்பு அவரிடம் அன்று வெளிப்பட்டது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் நாடறிய அது மீண்டும் வெளிப்படவிருந்தது.

1903இல் அரசின் கெடுபிடியால் அப்பள்ளி நிலைகுலைந்தது. பேரரசை வீழ்த்தினாலன்றி விடிவில்லை என்று கருதிய அவர், 1904இல் புரட்சி இயக்கம் ஒன்றின் தலைமையை ஏற்றார். ஆயுதவழியையும் அந்நாளில் அவர் நாடியதுண்டு. ஆனால், அவருடைய மனம் நிலைகொண்ட இடம் கல்வியே. 1907இல், நாற்பது அகவையை நெருங்கும் வேளையில், ஜெர்மனிக்குப் பயணமானார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தம்மைவிட வயதில் மிக இளையவர்களோடு அமர்ந்து தத்துவம், உளவியல், கலைவரலாறு ஆகியவற்றைப் பயின்றார். அறிவைத் தேடுவதையே கடமையாகக் கொண்டு, ஆசிரியர்களே தம்மை ஆண்டுகொள்ளும் பல்கலைக்கழகத்தை அங்கே அவர் நேரில் கண்டார்.

குடியரசின் முதல் கல்வி அமைச்சர்

1911 அக்டோபரில் சீனத்தில் புரட்சி வெடித்தது. பேரரசு வீழ்ந்து குடியரசு மலர்ந்தது. 1912 ஜனவரியில் சுன் யாட்சென் தலைமையில் அமைந்த இடைக்கால அரசில் யுவான்பெய் கல்வி அமைச்சரானார். தொடக்கப் பள்ளிகளில் பழஞ்செவ்வியல் நூல்களை மனப்பாடம் செய்யும் கட்டாயம் நீங்கியது. சிறுவரும் சிறுமியரும் ஒரே பள்ளியில் பயில வழி பிறந்தது.

இந்நிலை நீடிக்கவில்லை. படைபலம் மிக்க யுவான் ஷிகாய் குடியரசுத் தலைவராகி, அதிகாரம் முழுவதையும் தம் கையில் குவிக்கலானார். அவருக்குக் கீழ்ப் பணியாற்ற மனமின்றி அதே ஆண்டு ஜூலையில் யுவான்பெய் பதவி விலகினார். மீண்டும் ஐரோப்பா சென்றார். யுவான் ஷிகாய் 1915 டிசம்பரில் தம்மைப் பேரரசராகவே அறிவித்துக்கொண்டார். எதிர்ப்பு வலுத்ததால் சில மாதங்களிலேயே முடியைத் துறந்து, 1916 ஜூனில் மறைந்தார். அதன்பின் நாடு படைத்தலைவர்களின் வேட்டைக்களமாயிற்று. பெயரளவில் குடியரசும் நாடாளுமன்றமும் இருந்தன. உண்மையான அதிகாரம் துப்பாக்கி ஏந்தியவர்களிடம் இருந்தது.

பல்கலைக்கழகத்தின் வாயிலில்

பெய்ஜிங் நகரம் அந்நாளில் பீகிங் என்று வழங்கியது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1898இல் பேரரசின் கல்வி நிலையமாகத் தொடங்கப்பட்டது. 1916 டிசம்பரில் அதன் தலைவராக யுவான்பெய் அமர்த்தப்பட்டார். நம் நாட்டுத் துணைவேந்தருக்கு நிகரான பொறுப்பு அது. நண்பர்கள் பலர் அவரைத் தடுத்தனர். அந்நிறுவனம் அத்துணைச் சீர்கெட்டிருந்தது. செல்வர், அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் பணியாளரை உடன்வைத்துக்கொண்டு படித்தனர். சூதாட்டத்திலும் கேளிக்கையிலும் பலர் காலங்கழித்தனர். நன்கு கற்பிக்கும் ஆசிரியரைவிட, பிற்காலத்தில் வேலை வாங்கித்தரக்கூடிய அதிகாரியே விரிவுரை நிகழ்த்த வரவேண்டும் என்று மாணவர்கள் விரும்பினர்.

சீர்கெட்ட இடமே சீர்திருத்தக்காரர் செல்லவேண்டிய இடம் என்று யுவான்பெய் கருதினார். 1917 ஜனவரி 4ஆம் நாள் பொறுப்பேற்றார். வாயிலில் வரிசையாக நின்று வணங்கிய கடைநிலைப் பணியாளர்களைக் கண்டதும் தம் தொப்பியைக் கழற்றிக் குனிந்து பதில் வணக்கம் செலுத்தினார் என்பர். முந்தைய தலைவர்கள் எவரிடமும் காணாத அச்செயல் அனைவரையும் வியக்கவைத்தது. அப்பணியாளர்களுக்காகப் பின்னாளில் இரவு வகுப்புகளையும் அவர் தொடங்கினார்.

பல்கலைக்கழகம் பதவிக்கு ஏறும் படிக்கட்டு அன்று. உயர்ந்த அறிவை ஆராயும் இடம் என்பதைத் தம் தொடக்க உரையிலேயே மாணவர்களுக்கு உணர்த்தினார். தகுதியற்ற ஆசிரியர்களை விலக்கினார். அவர்களுள் அயல்நாட்டவரும் இருந்தனர். அயல்நாட்டுத் தூதர் தலையிட்டபோதும் யுவான்பெய் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் செய்த மாற்றங்களுள் முதன்மையானது தம் அதிகாரத்தைத் தாமே குறைத்துக்கொண்டதாகும். பேராசிரியர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்ட பேரவை உருவாயிற்று. துறைகளைத் தொடங்குவது, விதிகளை வகுப்பது முதலிய முடிவுகளை அப்பேரவை விவாதித்து மேற்கொண்டது. நாட்டின் நாடாளுமன்றம் படைத்தலைவர்களின் கைப்பாவையாக இருந்த காலத்தில், ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தேர்தலும் விவாதமும் வாக்கெடுப்பும் முறையாக நடந்தன.

முரண்பட்ட குரல்களுக்கு ஒரே கூரை

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கையில் புலமை ஒன்றையே அவர் அளவுகோலாகக் கொண்டார். அவரவர் அரசியலையோ, வயதையோ, பட்டத்தையோ பொருட்படுத்தவில்லை. புதுமைக் கருத்துகளைப் பரப்பிய இதழாசிரியர் சென் துசியு இலக்கியப் புலத்தின் தலைவரானார். அமெரிக்காவில் பயின்று திரும்பிய ஹூ ஷி, இருபத்தைந்து அகவையில் பேராசிரியரானார். மக்கள் பேசும் மொழியிலேயே இலக்கியம் படைக்கப்பட வேண்டும் என்று இவ்விருவரும் முழங்கினர். பொதுவுடைமைக் கருத்துகளில் ஈடுபாடு கொண்ட லி தாசாவ் நூலகப் பொறுப்பை ஏற்றார். புகழ்பெற்ற எழுத்தாளர் லூ சுன் பின்னர் இங்கே சீனப் புனைகதையின் வரலாற்றைக் கற்பித்தார்.

இவர்களோடு முற்றிலும் மாறுபட்டவர்களும் அதே கூரையின்கீழ்க் கற்பித்தனர். பேரரசு வீழ்ந்த பின்னும் முடியாட்சியையே போற்றி, பழைய வழக்கப்படி நீண்ட சடையோடு வகுப்புக்கு வந்தார் கு ஹாங்மிங். பினாங்கில் பிறந்து ஐரோப்பாவில் பயின்ற அவர் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். யுவான் ஷிகாயைப் பேரரசராக்க முயன்றோருள் ஒருவரான லியு ஷிபெய் பழஞ்செவ்வியல் இலக்கியம் கற்பித்தார். குடியரசுக்காகப் போராடியவர் யுவான்பெய். எனினும், முடியாட்சியை விரும்பியவர்களின் புலமையை அவர் மதித்தார். வகுப்பில் பாடத்தை நேர்மையாகக் கற்பிக்கும்வரை, வெளியே ஓர் ஆசிரியர் கொண்டிருக்கும் கொள்கை அவருடைய சொந்த உரிமை என்பது அவர் நிலைப்பாடு.

தெரியுமா?

லியாங் ஷுமிங் பல்கலைக்கழகப் படிப்பே இல்லாதவர். பௌத்தம் குறித்து அவர் எழுதிய கட்டுரையைப் படித்து வியந்த யுவான்பெய், பீகிங் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் கற்பிக்க அவரை அழைத்தார். அப்போது அந்த இளைஞருக்கு இருபத்தைந்து அகவை கூட நிரம்பவில்லை.

ஒரு வகுப்பில் கேட்ட கருத்து அடுத்த வகுப்பிலேயே மறுக்கப்பட்டது. மாணவர்கள் இரண்டையும் கேட்டுத் தாமே சிந்தித்து முடிவுக்கு வரவேண்டியிருந்தது. இதழ்கள், விவாதக் கழகங்கள், இசை, ஓவியக் குழுக்கள் பல தோன்றின. மாணவர்கள் தெருக்களுக்குச் சென்று, எழுத்தறியா மக்களிடம் எளிய சொற்களில் சொற்பொழிவாற்றினர். மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்டல், காரணங்காட்டி மறுத்தல், தோற்றால் ஏற்றுக்கொள்ளுதல் ஆகியவை மக்களாட்சிக்கு அடிப்படையான பழக்கங்கள். இவை சட்டத்தால் வருவன அல்ல, பயிற்சியால் வருவன. அப்பயிற்சிக்களமாகப் பீகிங் பல்கலைக்கழகம் மாறியது.

பழமைவாதிகள் சினந்தனர். அறநெறிகளையும் பண்டை மொழியையும் இப்பல்கலைக்கழகம் அழிக்கிறது என்று 1919 மார்ச்சில் லின் ஷு என்னும் முதிய எழுத்தாளர் நாளிதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். யுவான்பெய் பணிவான நடையில், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் சான்று காட்டி விடையளித்தார். எக்கருத்தாயினும் அறிவுக்குப் பொருந்திய அடிப்படை கொண்டதாயின், அது தன் வலிமையால் வாழவோ வீழவோ விட்டுவிட வேண்டும் என்பது அவ்விடையின் சாரம்.

1919 மே 4

முதல் உலகப்போரில் சீனம் நேசநாடுகளின் பக்கம் நின்றது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் ஐரோப்பாவின் போர்முனைகளுக்குப் பின்னால் உழைத்தனர். எனவே, ஜெர்மனியின் பிடியிலிருந்த ஷாண்டோங் பகுதியின் உரிமைகள் போருக்குப்பின் தமக்கே திரும்பும் எனச் சீனர் நம்பினர். பாரிசு அமைதி மாநாடோ 1919 ஏப்ரல் இறுதியில் அவ்வுரிமைகளை ஜப்பானுக்கு அளிக்க முடிவு செய்தது. சீன அரசே முன்னர் ஜப்பானோடு கமுக்கமாகச் செய்துகொண்ட உடன்பாடுகள் இம்முடிவுக்குத் துணைபுரிந்தன என்ற செய்தி மக்களைக் கொதிப்படையச் செய்தது. அரசுக்குள் இருந்தவர் வழியாக இச்செய்தியை முன்கூட்டியே அறிந்த யுவான்பெய் அதனை மாணவர்களிடமிருந்து மறைக்கவில்லை.

மே 4, ஞாயிற்றுக்கிழமை. பதின்மூன்று கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் 3000க்கும் மேற்பட்டோர் தியனன்மென் வாயிலின் முன் திரண்டனர். அமைதியாகத் தொடங்கிய ஊர்வலம் அயல்நாட்டுத் தூதரகப் பகுதியில் தடுக்கப்பட்டது. மாணவர்கள், ஜப்பானோடு உடன்பாடு காண உழைத்த அமைச்சர் ஒருவரின் வீட்டை நோக்கித் திரும்பினர். அங்குக் கட்டுப்பாடு குலைந்தது. வீடு தீக்கிரையானது, உள்ளே இருந்த உயர் அதிகாரி ஒருவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். காவல்துறை 32 மாணவர்களைச் சிறைப்பிடித்தது. அவர்களுள் 20 பேர் பீகிங் பல்கலைக்கழகத்தினர்.

அன்றிரவு மாணவர்கள் கலங்கிக் கூடினர். யுவான்பெய் அக்கூட்டத்திற்குச் சென்றார். நடந்தவை அனைத்தும் சரியென்று அவர் கூறவில்லை. மாணவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. சிறைப்பட்டோரை மீட்கும் பொறுப்பு தம்முடையது என உறுதியளித்து, அனைவரையும் வகுப்புகளுக்குத் திரும்புமாறு வேண்டினார். மறுநாள் நகரின் பிற கல்வி நிறுவனத் தலைவர்களை ஒன்றுதிரட்டினார். அவர்கள் அனைவரும் அரசு அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கினர். மாணவர்களுக்காகத் தாமே பிணைநிற்க முன்வந்தார். பல்கலைக்கழகத்தை மூடவேண்டும், அதன் தலைவரை நீக்கவேண்டும் என்னும் குரல்கள் ஆட்சியாளர் நடுவே எழுந்த வேளையில்தான் அவர் இவ்வாறு நின்றார். மே 7ஆம் நாள் மாணவர்கள் விடுதலையாயினர். பல்கலைக்கழக வளாகத்தில் அவர்களை யுவான்பெய் எதிர்கொண்டு வரவேற்றார். பலருடைய கண்கள் கலங்கின.

விலகலும் மீள்வும்

மாணவர்களை மீட்ட யுவான்பெய், மே 9ஆம் நாள் விடியற்காலையில் பதவி விலகல் கடிதத்தை வைத்துவிட்டு நகரைவிட்டு வெளியேறினார். அரசின் சினம் தம்மீது குவிந்திருந்ததை அவர் அறிந்திருந்தார். தாம் விலகினால் அச்சினம் பல்கலைக்கழகத்தின்மீதும் மாணவர்மீதும் பாயாது எனக் கருதினார்.

அவரது விலகல் போராட்டத்தைப் பெருக்கியது. யுவான்பெய் திரும்ப வேண்டும் என்பதும் மாணவர் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. ஜூன் 3, 4 ஆகிய நாள்களில் தெருமுனைகளில் பேசிய நூற்றுக்கணக்கான மாணவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டனர். சிறைகளில் இடமில்லாமையால் பல்கலைக்கழகத்தின் சட்டப்புலக் கட்டடமே சிறைக்கூடமாக மாற்றப்பட்டது. வாயிலில் படைவீரர் கூடாரமிட்டனர். கற்பதற்கென எழுப்பிய கூடங்களில் மாணவர்களையே சிறைவைத்த அக்காட்சி நாட்டின் மனச்சான்றைத் தைத்தது. ஷாங்காயில் வணிகர்கள் கடைகளை அடைத்தனர். பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூன் 10ஆம் நாள், மக்கள் சினத்திற்கு ஆளான அதிகாரிகள் மூவரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். ஜூன் 28இல் பாரிசில் இருந்த சீனத் தூதுக்குழுவினர் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்தனர். 1922இல் ஷாண்டோங் சீனத்திற்குத் திரும்பியது.

செப்டம்பரில் யுவான்பெய் மீண்டும் பொறுப்பேற்றார். வெற்றிக் களிப்பிலிருந்த மாணவர்களிடம் அவர் புகழுரை ஆற்றவில்லை. நாடு இடருறும்போது குரலெழுப்புவது குடிமகனின் கடமை. ஆனால், போராட்டமே அன்றாட வாழ்வாகிவிட்டால் படிப்பு பாழாகும். படிப்பில்லாத இளைஞரால் நாட்டை மீட்டெடுக்க இயலாது. இக்கருத்தையே அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார்.

1920இல் இன்னொரு கதவு திறந்தது. ஒன்பது பெண்கள் முதலில் வகுப்புகளில் அமர்ந்து கேட்போராகச் சேர்க்கப்பட்டு, பின்னர் முறையான மாணவியர் ஆயினர். பெண்களைச் சேர்க்கலாம் என விதியில் இல்லையே என்றவர்களுக்கு, சேர்க்கக்கூடாது எனவும் விதியில் இல்லை என்பதை யுவான்பெய் எடுத்துக்காட்டினார். சீன உயர்கல்வி வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

கூட்டத்திற்கும் பணியாதவர்

அரசின் அச்சுறுத்தலுக்கு அஞ்சாத யுவான்பெய், மாணவர் கூட்டத்தின் அச்சுறுத்தலுக்கும் அஞ்சியதில்லை. 1922 அக்டோபரில், அச்சிட்ட பாடக்குறிப்புகளுக்குக் கட்டணம் பெறுவதெனப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. சினமுற்ற மாணவர் பலர் அலுவலகத்தை முற்றுகையிட்டு, பணியாளர்களை மிரட்டினர். செய்தியறிந்த யுவான்பெய் கூட்டத்தின் நடுவே வந்து நின்றார். எப்போதும் மென்மையாகப் பேசும் அம்முதியவர், சட்டைக் கையை மடித்துவிட்டு, துணிவிருந்தால் ஒவ்வொருவராக முன்வருமாறு அறைகூவினார். எவரும் முன்வரவில்லை, கூட்டம் கலைந்தது. அம்மாணவர்களின் கோரிக்கையை அவர் இழிவாகக் கருதவில்லை. எண்ணிக்கையின் வலிமையால் மிரட்டிக் காரியம் சாதிக்கும் பழக்கம் வளாகத்திற்குள் நுழைந்தால், படைத்தலைவர்களைக் கண்டிக்கும் தகுதியைப் பல்கலைக்கழகம் இழந்துவிடும் என அவர் அஞ்சினார்.

அதே ஆண்டில் கல்வியின் தன்னாட்சி குறித்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அரசியல் கட்சிகள் உடனடிப் பயனை நாடுபவை; ஆட்சி மாறும்போதெல்லாம் கொள்கையும் மாறும். கல்வியோ தலைமுறைகள் கடந்து பயன்தருவது. ஆதலால், கட்சி, சமய நிறுவனங்கள் ஆகியவற்றின் பிடியிலிருந்து கல்வி விடுபட்டிருத்தல் வேண்டும் என அதில் வாதிட்டார். 1923 ஜனவரியில் நிதியமைச்சர் ஒருவர் நீதிமுறைக்கு மாறாகச் சிறைவைக்கப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு மீண்டும் ஐரோப்பா சென்றார். கல்வியாளரின் அமைதி அநீதிக்கு உடன்பாடாகிவிடக்கூடாது என்பதை அவ்விலகல் உணர்த்தியது.

சறுக்கலும் திருத்தமும்

யுவான்பெய்யின் வாழ்வில் நிழல் படிந்த ஒரு பகுதியும் உண்டு. நாடு திரும்பிய அவர் தேசியக் கட்சியின் மூத்த தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். 1927 ஏப்ரலில் அக்கட்சி, தன் கூட்டாளிகளாக இருந்த பொதுவுடைமையினரைக் கொடிய முறையில் ஒடுக்கியது. அம்முடிவுக்குத் துணைநின்ற தலைவர்களுள் யுவான்பெய்யும் ஒருவர். பல்லாயிரம் உயிர்கள் பலியாயின; அவர்களுள் இளைஞர் பலர். எல்லாக் கருத்துக்கும் இடமளித்த மனிதர், கட்சி அரசியலின் சுழலில் அக்கொள்கையிலிருந்து வழுவினார். கல்வி கட்சியிலிருந்து விலகி நிற்கவேண்டும் என்று அவர் எழுதியது எத்துணை உண்மை என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று.

படுகொலைகளின் பெருக்கம் அவரை வருத்தியது. அவர் மெல்லமெல்ல அதிகாரப் பதவிகளிலிருந்து விலகினார். 1928இல் சீனத்தின் உயர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, அறிவியல் ஆய்வை வளர்ப்பதில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 1932 டிசம்பரில், சுன் யாட்சென்னின் துணைவியார் சுங் சிங்லிங்குடன் இணைந்து மக்கள் உரிமைப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவி, அதன் துணைத்தலைவரானார். விசாரணையின்றிச் சிறையில் வாடியோரின் விடுதலைக்காக அக்கழகம் உழைத்தது. தம் கட்சி சிறைப்பிடித்த மாற்றுக் கருத்தினருக்காகவும் அவர் குரல் கொடுத்தார். முன்னாளில் தம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சென் துசியுவும் அவர்களுள் ஒருவர்.

1933 ஜூனில் அக்கழகத்தின் செயலாளர் யாங் சிங்ஃபோ ஷாங்காய் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆய்வு நிறுவனத்தில் யுவான்பெய்யின் வலக்கரமாக விளங்கியவர் அவர். அடுத்த குண்டு யாருக்கு என்ற அச்சம் நகரைச் சூழ்ந்திருந்தது. அறுபத்தைந்து அகவை கடந்த யுவான்பெய் இறுதிச்சடங்கிற்குச் சென்று, நண்பருக்குக் கண்ணீர் மல்க அஞ்சலி செலுத்தினார்.

இறுதி நாள்கள்

1937இல் ஜப்பானியப் படைகள் சீனத்தின்மீது பாய்ந்தன. பீகிங் பல்கலைக்கழகம் பிற இரு பல்கலைக்கழகங்களோடு இணைந்து தென்மேற்கு எல்லையிலுள்ள குன்மிங் நகருக்கு இடம்பெயர்ந்தது. நூல்களையும் கருவிகளையும் சுமந்துகொண்டு சென்றவர்களுள் மாணவர், ஆசிரியர் பலர் நெடுந்தொலைவைக் கால்நடையாகவே கடந்தனர். கட்டடங்களை இழந்த பின்னும் பல்கலைக்கழகம் வாழ்ந்தது.

நலிவுற்றிருந்த யுவான்பெய் ஹாங்காங் சென்று தங்கினார். 1940 மார்ச் 5ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அமைச்சராகவும் பல்கலைக்கழகத் தலைவராகவும் விளங்கிய அவருக்குச் சொந்தவீடு கூட இல்லை. அவருடைய எழுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு வீட்டைக் கட்டித்தர மாணவர்களும் நண்பர்களும் திட்டமிட்டிருந்தனர். போர் அதற்கு இடந்தரவில்லை.

யுவான்பெய் கனவு கண்ட மக்களாட்சியை அவர் வாழ்நாளில் சீனம் காணவில்லை. எனினும், துப்பாக்கிகள் ஆண்ட காலத்தில், அறிவின் துணையோடு வாதிட்டு வாழலாம் என்பதை ஒரு வளாகத்திற்குள் அவர் நடத்திக் காட்டினார். தமக்கு உடன்பாடில்லாதவருக்கும் இருக்கை அளித்தார்; தண்டனைக்குள்ளான மாணவர்களுக்காக அதிகாரத்தின் வாயிலில் நின்றார்; மிரட்டல் எத்திசையிலிருந்து வந்தாலும் மறுத்தார். பல்கலைக்கழகம் ஆட்சியாளரின் அலுவலகமாகவோ கட்சிகளின் பாசறையாகவோ மாறாமல், பல்கலைக்கழகமாகவே நிலைத்திருப்பதுதான் அது மக்களாட்சிக்குச் செய்யும் பெருந்தொண்டு. சாய் யுவான்பெய்யின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற செல்வம் இதுவே.

கற்பவை கற்றபின்

1. மாற்றுக் கருத்துடைய ஆசிரியர்களைச் சாய் யுவான்பெய் ஒரே நிறுவனத்தில் அமர்த்தியதால் மாணவர்கள் பெற்ற பயன்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. 1919ஆம் ஆண்டு மாணவர்களைக் காத்து நின்றவரே 1922ஆம் ஆண்டு மாணவர் கூட்டத்தை எதிர்த்து நின்றார். இவ்விரு செயல்களும் முரண்பட்டவையா, ஒத்தவையா? காரணங்காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் வகுப்பில் ஒரு பொதுப்பொருளைத் தேர்ந்தெடுத்து, இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுக. பின்னர் அணிகளை மாற்றிக்கொண்டு, முன்னர் மறுத்த கருத்தை ஆதரித்துப் பேசிப் பெற்ற பட்டறிவைப் பதிவுசெய்க.